கூழ்முட்டை மணமும் கழிமுகத்துப் பச்சைப் பாசியும்

கோடை விடுமுறை வந்தால் பரிஸிலும் அதன் புறநகர்களிலும் வாழும் எம்மவர்களுக்குக் கடற்கரை நினைவு வந்துவிடும். முன்பெல்லாம் நோர்மண்டிக் கரையோடு திரும்பி விடுவார்கள். இப்போது பேருந்து ஒழுங்கு செய்துகொண்டு இன்னும் மேற்கே, பிரெத்தாஞ் மாகாணம் வரை போய் வருகின்றார்கள். (பெயர் ஒத்திருப்பதால் இங்கிலாந்து என்று எண்ண வேண்டாம். பிரான்சின் வடமேற்கு மூலையில் அத்திலாந்திக் கடலுக்குள் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும் நிலப்பகுதி இது.) அழகான கரை. கடல் வற்றும்போது பல நூறு மீட்டர் தூரத்துக்கு மணல் வெளி தெரியும். நண்டு பிடிக்கலாம், மட்டி பொறுக்கலாம். ஊரை நினைத்துப் பெருமூச்சு விடலாம்.

அங்கே போக வேண்டாம் என்று சொல்ல நாம் இதை எழுதவில்லை. அந்தக் கரையின் சில குடாக்களிலும் கழிமுகங்களிலும் கோடையில் ஒதுங்கும் பச்சைப் பாசியைப் பற்றி எம்மவர் பலருக்குத் தெரியாது. எமக்கும் போதிய அளவு தெரிந்திருக்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆவணி மாதத் திங்கட்கிழமை மாலை, ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனைத் தாயும் அம்மம்மாவும் எமது சிகிச்சை நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள். தலையிடி, ஓங்காளம், இரண்டு முறை வாந்தி, கண் சிவந்து எரிவு. முதல் நாள் பல குடும்பங்களாகச் சேர்ந்து பிரெத்தாஞ் கடற்கரைக்குப் போய் வந்ததாகச் சொன்னார்கள். காய்ச்சல் இல்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்தோம், தொண்டையைப் பார்த்தோம். நாள் முழுவதும் பேருந்துக்குள் வெக்கையில் கிடந்த சோற்றுப் பார்சல்தான் காரணம் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டோம். வாந்திக்கு மருந்தும் கண்ணுக்குத் துளிமருந்தும் எழுதிக் கொடுத்தோம்.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே அம்மம்மா சொன்னார்: "தம்பி, அந்தக் கடற்கரையிலை ஒரே கூழ்முட்டை மணம். இவன் அந்தப் பச்சைக் குப்பைக்கு மேலை ஏறித் துள்ளிக்கொண்டு நிண்டவன். இறங்கி வாடா, மணக்குது எண்டன். எனக்கு இப்ப மணக்கேல்லை அம்மம்மா எண்டான்."

நாம் தலையாட்டிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டோம். இரவு சாப்பிடும்போதுதான் அந்தக் கடைசி வசனம் மனதில் வந்து விழுந்தது. கை கழுவிவிட்டு உடனே அந்த வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தோம். பிள்ளைக்கு இருமல் இருக்கின்றதா, மூச்சு வாங்குகின்றதா என்று கேட்டோம். இல்லை, தூங்குகின்றான் என்றார்கள். அப்படி ஏதும் வந்தால் எம்மிடம் வர வேண்டாம், நேரே வைத்தியசாலைக்குப் போங்கள் என்றோம். சிறுவன் இரண்டு நாட்களில் தேறிவிட்டான். அவனுக்கு நேர்ந்தது பாசியின் வாயுவாலா, சோற்றுப் பார்சலாலா என்பதை எம்மால் நிரூபிக்க முடியாது. ஒரு நாள் கழிந்த பின் இரத்தத்தைச் சோதித்தும் பயன் இல்லை. ஆனால் "எங்கே போனீர்கள்" என்று கேட்ட நாம், "அங்கே என்ன செய்தீர்கள்" என்று கேட்கவில்லை. அந்தக் குறையை ஈடுசெய்யும் விதமாகவே இந்த இதழின் மருத்துவப் பக்கத்தை இதற்கு ஒதுக்குகின்றோம்.

பாசி நஞ்சல்ல, அழுகினால்தான் ஆபத்து

பிரெத்தாஞ் கரையில் ஒதுங்குவது பெரும்பாலும் 'உல்வா' என்னும் பச்சைப் பாசி. பிரெஞ்சுக்காரர் இதைக் கடல் சலாது என்பார்கள். பார்வைக்கும் சலாது இலை போலவேதான் இருக்கும். எமது ஊர்க் கரையோரங்களில் சாதாளை ஒதுங்குவதைப் பார்த்தவர்கள் இதையும் அப்படியொன்று என்றே நினைப்பார்கள். புதிதாக, தண்ணீரில் மிதக்கும்போது இதில் நஞ்சு எதுவும் இல்லை. சுத்தமான நீரில் வளர்ந்ததைச் சிலர் சமைத்தும் சாப்பிடுகின்றார்கள்.

இதன் இலை இரண்டே இரண்டு கலங்களின் தடிப்புக் கொண்டது. வேர் மூலம் உறிஞ்சி மேலே அனுப்ப வேண்டிய தேவை இதற்கு இல்லை. உடல் முழுவதும் வாய்தான். நீரில் நைத்திரேற்று நிறைய இருந்து, வெயிலும் இளஞ்சூடும் சேர்ந்துவிட்டால் சில நாட்களுக்குள் இரட்டிப்பாகும். பாறையைப் பற்றிக்கொண்டு இருக்க வேண்டும் என்பதும் இல்லை, மிதந்தபடியே வளரும். கழிமுகமும் ஆழமற்ற குடாவும் இதற்கு வாய்த்த இடங்கள். ஆறு உணவைக் கொண்டுவந்து கொட்டுகின்றது. ஆழம் குறைவென்பதால் வெளிச்சம் அடிவரை போகின்றது. நீரோட்டம் மெதுவாக இருப்பதால் பாசி வெளிக்கடலுக்கு அடித்துச் செல்லப்படுவதும் இல்லை. ஒவ்வொரு வற்றுப்பெருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையில் தள்ளிக் குவித்துவிட்டுப் போகும்.

ஆபத்து அந்தக் குவியலில்தான் தொடங்குகின்றது. ஓரிரு நாள் வெயிலில் மேற்பரப்பு காய்ந்து வெளிறிய வெள்ளைப் பொருக்காகிவிடும். அதன் அடியில் காற்றுப் புகாது. ஒட்சிசன் இல்லாத இடத்தில் வாழும் ஒரு வகைப் பக்டீரியாக்கள் அங்கே வேலையைத் தொடங்கும். கடல் நீரில் சல்பேற்று தாராளமாக உண்டு. அதைப் பயன்படுத்திப் பாசியை அழுக வைத்து, கழிவாக ஐதரசன் சல்பைட்டு என்னும் வாயுவை வெளிவிடும். கூழ்முட்டை மணம் இதனுடையதுதான். வாயு பொருக்குக்கு அடியில் பொட்டலம் கட்டியது போல் அடைபட்டுக் கிடக்கும். ஒருவர் காலை வைத்ததும் பொருக்கு உடையும். அடைபட்டிருந்தது அத்தனையும் ஒரே நேரத்தில் வெளிவரும். கழிமுகத்துச் சேற்றின் மேல் பாசி படிந்து, அதன் மேல் மண் மூடிக் கிடந்தால் வெளியே பச்சை நிறம்கூடத் தெரியாது.

மூக்கை நம்ப முடியாத வாயு

எமது மூக்கு இந்த வாயுவை மிகச் சிறிய அளவிலேயே கண்டுபிடித்துவிடும். காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை, அதிலும் குறைவாக இருந்தாலே நாறும். ஆகவே மணம் வந்தவுடன் ஆபத்து என்று பதற வேண்டியதில்லை. அது ஓர் எச்சரிக்கை, விலகிப் போவதற்கு நேரம் தரும் எச்சரிக்கை.

பத்து இலட்சத்தில் 2 முதல் 5 பங்கு வரை உள்ள காற்றை நீண்ட நேரம் சுவாசித்தால் தலையிடி, ஓங்காளம், கண்ணீர் வடிதல் ஏற்படலாம். ஆஸ்மா உள்ளவர்களுக்கு இழுப்பு வரலாம். 50 முதல் 100 வரை போனால் கண் சிவந்து எரியும், தொண்டை அரிக்கும். 100 அளவில்தான் விபரீதமான ஒன்று நடக்கின்றது. சில நிமிடங்களில் மணக்கும் உணர்வு செயலிழந்துவிடும். நாற்றம் போய்விட்டது, காற்று நல்லதாகிவிட்டது என்று மனிதர் நினைப்பார். உண்மையில் அவர் மூக்குத்தான் போய்விட்டது. 500ஐத் தாண்டினால் சில நிமிடங்களில் தள்ளாடி விழுவார். 700க்கு மேல், 1000ஐ நெருங்கும்போது, ஓரிரு மூச்சிலேயே வெட்டிய மரம் போல் சரிந்து விழுந்துவிடக் கூடும்.

ஏன் இவ்வளவு வேகம்? நாம் சுவாசிக்கும் ஒட்சிசனை உடலின் ஒவ்வொரு கலமும் பயன்படுத்திச் சக்தியாக மாற்றுகின்றது. அந்தத் தொடரின் கடைசிப் படியில் இருக்கும் ஒரு நொதியத்தை இந்த வாயு பூட்டிவிடுகின்றது. சுவாசப்பை நிறைய ஒட்சிசன் இருந்தும் மூளைக்கும் இதயத்துக்கும் அதை எரிக்க முடியாமல் போகின்றது. சயனைட்டு பூட்டுவதும் அதே நொதியத்தைத்தான். அந்தச் சொல்லை எம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

விழுந்தவரை உடனே நல்ல காற்றுக்குக் கொண்டுவந்து ஒட்சிசன் கொடுத்தால் பிழைப்பதற்கு வாய்ப்பு உண்டு. ஆனால் எழுந்து நடந்துவிட்டார் என்பதற்காக வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. சில மணி நேரம் கழித்துச் சுவாசப்பையில் நீர் கோத்துக்கொள்ளலாம். அன்றிரவு நாம் தொலைபேசி எடுத்ததற்கு அந்தப் பயமே காரணம்.

கழிமுகத்தில் நடந்தவை

இதெல்லாம் ஆய்வுகூடக் கதை என்று நினைப்பவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

1989இல் சென் மிஷேல் ஆன் கிறேவ் என்ற ஊரின் கடற்கரையில், பாசிக் குவியலுக்குள் 26 வயது இளைஞர் ஒருவரின் உடல் கண்டெடுக்கப்பட்டது. ஓட்டப் பயிற்சிக்குப் போனவர் அவர். அருகிலுள்ள லனியோன் வைத்தியசாலையின் அவசர சிகிச்சை மருத்துவர் பியேர் பிலிப் அப்போதே சந்தேகப்பட்டார். பத்து ஆண்டுகள் கழித்து, 1999இல், அதே கடற்கரையில் பாசி அள்ளிக்கொண்டிருந்த உழவு இயந்திரச் சாரதி ஒருவர் மயங்கி விழுந்து சில நாட்கள் நினைவின்றிக் கிடந்து பிழைத்தார். அவர் சேர்க்கப்பட்டதும் அதே வைத்தியசாலையில்தான். மருத்துவர் பிலிப் அதிகாரிகளுக்கு எழுதினார், கேட்டார், மீண்டும் கேட்டார். ஒரு பொது மருத்துவமனையின் மருத்துவர் இத்தனை ஆண்டுகள் ஒரே விடயத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றது எமது தொழிலுக்குப் பெருமை தருவது.

2008இல் இலியோன் என்ற ஊரின் கரையில் இரண்டு நாய்கள் இறந்தன. 2009 யூலை மாதம் மீண்டும் சென் மிஷேலில், குதிரையை நடத்திக்கொண்டு வந்த ஒருவரும் குதிரையும் பாசிச் சேற்றில் புதைந்தார்கள். குதிரை சில விநாடிகளில் இறந்தது. நினைவிழந்த மனிதரை அருகில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் இழுத்தெடுத்தார்கள். அவர் ஒரு கால்நடை மருத்துவர். குதிரையின் மரணத்துக்குக் காரணம் கேட்கத் தெரிந்தவர் என்பதால் விடயம் நாடு முழுவதும் பேசப்பட்டது. அடுத்த மாதம் அதே இடத்தில் நிபுணர்கள் அளந்தபோது சில புள்ளிகளில் 1000 என்ற அளவு வரை கருவி காட்டியது. அப்போதைய பிரதமர் பிரான்சுவா பிய்யோன் நேரில் வந்து பார்த்தார்.

குதிரை இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்பு இன்னொரு மரணம் நடந்திருந்தது. கரையில் அள்ளிய பாசியைக் கனரக வாகனத்தில் ஏற்றி இறக்கிய 48 வயதுச் சாரதி வேலைத்தலத்தில் இறந்துபோனார். இயற்கையான இதயநோய் என்ற கருத்தே முதலில் முன்வைக்கப்பட்டது. அது வேலையின்போது நேர்ந்த விபத்து என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது 2018இல். குடும்பம் ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தது.

2011 கோடையில் சென் பிரியூ குடாவில் கலக்கும் குவெசான் ஆற்றின் கழிமுகத்தில் 36 காட்டுப் பன்றிகள் இறந்து கிடந்தன. அதே கழிமுகத்தில் 2016 செப்டெம்பரில் ஓடப்போன 50 வயது மனிதர் ஒருவர் சேற்றில் இறந்து கிடந்தார். உடற்கூற்றுப் பரிசோதனை உடனே நடக்கவில்லை. புதைத்த உடலைத் தோண்டி எடுத்துச் செய்தபோது காலம் கடந்துவிட்டது. இந்த வாயு உடலில் நெடுநேரம் தடயம் விட்டு வைக்காது. அவரது குடும்பம் தொடுத்த வழக்கில், அரசுக்குப் பொறுப்பு உண்டு என்று நாந்த் நகர மேன்முறையீட்டு நிர்வாக நீதிமன்றம் 2025 யூனில் தீர்ப்பளித்து, இழப்பில் 60 சதவீதத்தை அரசு ஈடுசெய்ய வேண்டும் என்றது.

பாசி எங்கிருந்து வருகின்றது?

கடலில் பிறக்கும் நோய் போலத் தெரிந்தாலும் நோய்க்காரணம் இருப்பது மேட்டு நிலத்தில். பிரெத்தாஞ் மாகாணத்தில் ஏறத்தாழ 34 இலட்சம் மக்கள் வாழ்கின்றார்கள். பன்றிகள் அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. பிரான்சின் பன்றி இறைச்சியில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் வருகின்றது. கோழியும் கறவை மாடும் வேறு. இத்தனை வாய்களுக்கும் தீனி அந்த நிலத்தில் விளையாது. தென்னமெரிக்காவிலிருந்து சோயாப் புண்ணாக்கு கப்பல் கப்பலாக வந்து இறங்குகின்றது. அந்தப் புண்ணாக்கில் உள்ள நைதரசனில் ஒரு பகுதி இறைச்சியாகி வெளியேறுகின்றது. மிகுதி சாணமும் சலமுமாகப் பண்ணையிலேயே தங்கிவிடுகின்றது. அதைக் கரைசலாக வயலுக்கு விடுகின்றார்கள். அதற்கு மேல் செயற்கைப் பசளையும் போடுகின்றார்கள். பயிர் எடுத்துக்கொள்ள முடியாத மிச்சம் நைத்திரேற்றாக மழை நீரில் கரைந்து, நிலத்தடியில் இறங்கி, ஊற்றாகி, ஆறாகிக் கழிமுகத்துக்கு வருகின்றது. இந்தக் குடாக்களுக்கு வரும் நைத்திரேற்றில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் விவசாயத்திலிருந்து வருவது என்பது இப்போது உத்தியோகபூர்வமாகவே ஏற்றுக்கொள்ளப்பட்ட விடயம்.

பாசிக்குப் பொஸ்பரசும் வேண்டும் அல்லவா, அதைக் குறைத்தால் போதாதா என்று சிலர் வாதிட்டார்கள். ஏரிகளில் பெரும்பாலும் அது சரி. இந்தக் குடாக்களின் அடிச் சேற்றில் பொஸ்பரசு ஏற்கெனவே குவிந்து கிடக்கின்றது. ஆகவே பாசியைப் பட்டினி போடுவதற்குக் கையில் இருக்கும் ஒரே கடிவாளம் நைதரசன்தான் என்று இஃப்ரெமேர் கடலாய்வு நிறுவனத்தின் ஆய்வாளர் அலன் மெனெகன் போன்றோர் நீண்ட காலமாகச் சொல்லி வருகின்றார்கள்.

1970களின் தொடக்கத்தில் இந்த மாகாணத்து ஆறுகளில் லீட்டருக்கு 5 மில்லிகிராம் அளவிலேயே நைத்திரேற்று இருந்தது. 1990களில் அது சராசரியாக 50ஐத் தொட்டது. அதன்பின் குறைந்து 30ஐ ஒட்டி வந்து நின்றுவிட்டது. நோயாளியின் இரத்த அழுத்தம் 200இலிருந்து 160க்கு வந்துவிட்டது என்று மகிழ்வது போன்றது இது. மகிழலாம், மருந்தை நிறுத்த முடியாது. ஒரு தாமதமும் உண்டு. இன்று வயலில் போட்டது கழிமுகத்துக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆகலாம். இன்று நிறுத்தினாலும் நாளைக்கே பாசி குறையாது.

விவசாயிகளை மட்டும் குற்றம் சொல்வதில் எமக்கு உடன்பாடில்லை. போருக்குப் பின் வறுமைப்பட்ட மாகாணமாக இருந்த அவர்களிடம், நிறைய விளைவியுங்கள், மலிவாகத் தாருங்கள் என்று கேட்டது அரசு. வயல்களைப் பெரிதாக்க வேலி மரங்களையும் மண் வரம்புகளையும் தள்ளி அழிக்க உதவியதும் அரசு. அந்த வேலிகளும் ஆற்றோரச் சதுப்புகளும்தான் நைத்திரேற்றை மறித்து வைத்திருந்தன. மலிவாக வாங்கிச் சாப்பிட்டவர்களில் நாமும் உண்டு. எமது குளிர்பெட்டிகளில் கிடக்கும் கோழியின் பொதியைத் திருப்பிப் பார்த்தால் அது எங்கிருந்து வந்ததென்று தெரியும்.

அரசு 2010இலிருந்து எட்டுக் குடாக்களைத் தெரிந்தெடுத்துத் திட்டங்கள் போட்டு வருகின்றது. மூன்றாவது திட்டம் 2022இலிருந்து 2027 வரைக்குமானது. முதல் பத்தாண்டு வேலை போதவில்லை என்று கணக்காய்வு நீதிமன்றம் 2021இல் கடுமையாகவே எழுதியது. 2025 மார்ச்சில் றென் நகர நிர்வாக நீதிமன்றம், பத்து மாதங்களுக்குள் மேலதிக நடவடிக்கை எடுக்குமாறு அரசுக்குக் கட்டளையிட்டது.

எமது கிணறுகளில் அதே நைத்திரேற்று

இதைப் படிக்கும் யாழ்ப்பாணத்தார் சிலருக்கு நைத்திரேற்று என்ற சொல் பழக்கமானதாக இருக்கும். யாழ் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. வலிகாமத்துச் செம்மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட பசளையும் வீட்டு மலக்குழிகளின் கசிவும் அங்கே குடாவுக்குப் போவதற்கு முன் கிணற்றுக்கு வந்துவிடுகின்றன. 1980களிலிருந்து நடந்த பல ஆய்வுகளில், தோட்ட நிலங்களை அண்டிய பல கிணறுகளில் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீட்டருக்கு 50 மில்லிகிராமை விட அதிகமாக நைத்திரேற்று காணப்பட்டது.

அதைக் குடிக்கும் பெரியவர்களுக்கு உடனடியாக ஒன்றும் தெரியாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட, புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்குத்தான் ஆபத்து. நைத்திரேற்று குழந்தையின் வயிற்றில் நைத்திரைற்றாக மாறி இரத்தத்தில் கலந்து, ஒட்சிசனைக் காவும் ஈமோகுளோபினைக் கெடுத்துவிடும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும்.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம், விடுமுறைக்குக் கைக்குழந்தையோடு ஊருக்குப் போகும் இளம் தாய்மார். "கிணற்றுத் தண்ணிதான் டொக்டர், ஆனால் நல்லாக் கொதிக்க வைச்சுத்தான் மா கரைச்சனான்" என்பார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று சாகாது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடும். ஆகவே தாய்ப்பால் கொடுப்பவர்கள் அதையே தொடருங்கள். புட்டிப்பால் என்றால் குழந்தைகளுக்கு ஏற்றதென்று குறிக்கப்பட்ட போத்தல் நீரைக் கொதிக்க வைத்துப் பாவியுங்கள். பரிசோதிக்கப்படாத கிணற்று நீர் வேண்டாம்.

கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு

போகும் ஊரின் நகரசபை அறிவித்தலைப் புறப்படுமுன் பாருங்கள். ஆபத்தான கடற்கரைகளை நகரசபைகள் மூடிவிடுவதுண்டு. மூடப்பட்ட இடத்துக்குள், மற்றவர்கள் போகின்றார்களே என்று போக வேண்டாம். தண்ணீரில் மிதக்கும் பச்சைப் பாசிக்கு நடுவே நடந்தால் அருவருப்பே தவிர ஆபத்து இல்லை. கரையில் குவிந்து வெளிறிப் பொருக்குக் கட்டியதற்குக் கிட்டப் போகாதீர்கள். அதன் மேல் ஏறவும் தடியால் கிண்டவும் பிள்ளைகளை விடாதீர்கள். இந்த வாயு காற்றை விடப் பாரமானது, நிலத்தோடு ஒட்டிக் கிடக்கும். பெரியவரின் மூக்குக்கு எட்டாத உயரத்தில் இருப்பது குந்தியிருந்து விளையாடும் பிள்ளையின் முகத்துக்கு நேரே இருக்கும். நாய்க்கும் அப்படியே. ஆறு கடலில் கலக்கும் சேற்றுப் பகுதிக்குள், கடல் வற்றிக் கிடக்கின்றது என்று குறுக்கு வழி நடக்க வேண்டாம். மட்டி பொறுக்கப் போகும் எம்மவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கின்றோம்.

கூழ்முட்டை மணம் வந்தால் காற்று வரும் திசையை நோக்கி, மேட்டுப் பக்கமாக விலகுங்கள். மணம் திடீரென்று நின்றுவிட்டால் இன்னும் வேகமாக விலகுங்கள். ஆஸ்மா, இதயநோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மணம் இருக்கும் கரையில் தங்கவே வேண்டாம்.

யாராவது பாசிக்குள் விழுந்துவிட்டால்? இதை எழுதுவது கடினம், ஏனென்றால் தகப்பனுக்கும் தாய்க்கும் கால் நிற்காது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய்த் தூக்கிவிடலாம் என்றே தோன்றும். இந்த வாயுவில் ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டாவது ஆளும் விழுந்த சம்பவங்கள் மலக்குழிகளிலும் பண்ணைக் கழிவுத் தொட்டிகளிலும் உலகெங்கும் நடந்திருக்கின்றன. உடனே 15 அல்லது 112 இலக்கத்தை அழையுங்கள். பாசி, வாயு என்ற இரண்டு சொற்களையும் சொல்லுங்கள். 'அல்க் வேர்த்', 'காஸ்' என்றால் அவர்களுக்கு விளங்கிவிடும். தீயணைப்புப் படையினர் சுவாசக் கருவியோடு வருவார்கள். மயங்கி எழும்பியவர், தனக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னாலும் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

இன்னொரு விடயம். எம்மவர்களில் எத்தனையோ பேர் துப்புரவு வேலையிலும் பாரவாகனம் ஓட்டுவதிலும் இருக்கின்றார்கள். கடற்கரைப் பாசி அள்ளும், ஏற்றும், பதப்படுத்தும் வேலைக்கு யாரையாவது கூப்பிட்டால், உடுப்பில் மாட்டும் வாயு அறிகருவியைக் கேட்டு வாங்காமல் இறங்க வேண்டாம். அது சத்தமிட்டால் வேலையை விட்டு விலகுங்கள். வேலையில் தலையிடியோ மயக்கமோ வந்தால் 24 மணி நேரத்துக்குள் முதலாளிக்கு அறிவியுங்கள். அதே நாளில் மருத்துவரிடம் போய் வேலை விபத்துக்கான முதல் மருத்துவச் சான்றிதழைக் கேளுங்கள். மொழி தடுமாறுகின்றது, வேலை போய்விடும் என்று ஒத்திப் போட வேண்டாம். இரத்தப் பரிசோதனையும் நேரத்தோடு செய்தால்தான் ஏதாவது சொல்லும்.

கடைசியாக, அந்தச் சிறுவன். இப்போது எம்மை விட உயரமாகிவிட்டான். அண்மையில் தடுப்பூசிக்கு வந்திருந்தபோது, அந்தக் கடற்கரைக்குப் பிறகு போனாயா என்று கேட்டோம். போனானாம், பள்ளிக்கூடத்தோடு. அந்த முறை கரையில் பலகை நட்டு, கயிறு கட்டி மறித்திருந்தார்களாம். "வாசித்தாயா?" என்றோம். "நான்தான் மற்றவைக்கு வாசிச்சுக் காட்டினனான்" என்றான்.